ஒரே வரிசை, மூன்று மடிப்பு: குவானின் மிகுந்த டிஎன்ஏவை மடக்கிப் பார்த்த பதிவு

நம் குரோமோசோம்களின் நுனியில் டிடிஏஜிஜிஜி (ஜி என்பது குவானின்) என்ற ஆறு டிஎன்ஏ எழுத்து ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. அதிலிருந்து 22 எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: ஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி-டிடிஏ-ஜிஜிஜி. இந்தத் துறையில் இதை 22ஏஜி என்பார்கள். 1993-ல் வாங், பட்டேல் இருவரும் சோடியம் உள்ள கரைசலில் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மூலம் இதன் வடிவத்தைக் கண்டுசொன்னார்கள். 2002-ல் பார்க்கின்சன், லீ, நீடில் மூவரும் பொட்டாசியம் சேர்த்து இதே வரிசையைப் படிகமாக்கியபோது முற்றிலும் வேறொரு வடிவம் வந்தது. பொட்டாசியக் கரைசலிலோ இரண்டும் கலந்த மாதிரி ஒரு மூன்றாவது வடிவம். எழுத்துகள் மாறவே இல்லை.

இந்த மூன்றையும் ஒரே குப்பி ஒலிகோவிலிருந்து, அதாவது வேதிமுறையில் தொகுத்த குறுகிய டிஎன்ஏ இழையிலிருந்து, எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இப்போது மூன்றும் கிடைத்துவிட்டன. அவற்றை எடுப்பது அவ்வளவு சிரமமாக இல்லை. ஒப்பிடுவதற்கு மடியாத ஒரு மாதிரி வேண்டுமே, அதை எடுக்கத்தான் படாத பாடு பட்டேன். இதே வேலையை யாராவது தொடங்கினால் அந்தப் பகுதியாவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

செய்முறைக்குத் தேவையான அளவு பின்னணி மட்டும். நான்கு குவானின்கள் ஒரு தளத்தில் வட்டமாகக் கைகோத்து, எட்டு ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகுகின்றன. அது ஒரு டெட்ராட். இரண்டு மூன்று டெட்ராட்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஜி-குவாட்ருபிளெக்ஸ். அடுக்குகளின் நடுவே குவானின்களின் ஆக்சிஜன்கள் உள்நோக்கி நிற்பதால் அங்கே ஒரு நேர்மின் அயனி உட்கார்ந்தே ஆக வேண்டும். பொட்டாசியம் இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் எட்டு ஆக்சிஜன்களையும் பிடித்துக்கொண்டு அழகாகப் பொருந்துகிறது. சோடியமும் பொருந்தும், பிடி சற்றுத் தளர்வு. லித்தியம் சிறியது, தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை விடாது, எனவே உள்ளே வராது. ஆக, மடியாத மாதிரி வேண்டுமென்றால் லித்தியம் உப்பில் எடுப்பதுதான் வழக்கம். அயனிச் செறிவு அதேதான், மடிப்பைத் தாங்கும் அயனி மட்டும் இருக்காது.

முதலில் ஒலிகோ. 22 எழுத்துதானே, உப்பு நீக்கியது போதும் என்று சிலர் சொல்வார்கள். குவானின் தொடர்ந்து வரும் வரிசையில் தொகுப்பு பாதியில் நின்றுபோன துண்டுகள் கூடவே வரும். மூன்று ஜி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் அந்த இழை வேறு விதமாக மடியும். அதனால் எச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் சுத்திகரித்ததையே வாங்கினேன். விலை கூடும், ஆனால் இந்த வேலையில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது. தூளை மிகத் தூய நீரில் கரைத்து 100 மைக்ரோமோலார் இருப்புக் கரைசலாக்கி, சிறு சிறு பங்குகளாக மைனஸ் 20 டிகிரியில் வைத்தேன். இதற்கு மேல் அடர்த்தியாக வைக்காதீர்கள். குவானிலிக் அமிலத்தின் கெட்டியான கரைசல் கூழாக உறைவதை 1910-லேயே பாங் பதிவு செய்திருக்கிறார். அது ஏன் உறைகிறது என்பதற்கு 1962-ல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் எக்ஸ்-கதிர் எடுத்துப் பார்த்துதான் நாலு குவானின் வட்டத்தை முன்வைத்தார்கள். அந்தக் குணம் நம் குப்பியிலும் உண்டு. அடர்த்தி கூடினால் இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டிக்கொள்ளும்.

செறிவை அறை வெப்பநிலையில் அளக்காமல் 95 டிகிரியில் அளந்தேன். மடிந்த டிஎன்ஏவும் விரிந்த டிஎன்ஏவும் 260 நானோமீட்டரில் ஒரே அளவு ஒளியை உறிஞ்சுவதில்லை. நாம் கணக்கில் பயன்படுத்தும் உறிஞ்சல் எண்ணோ விரிந்த இழைக்கானது. 22ஏஜிக்கு அது 2,28,500. எனவே 5 மைக்ரோமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் குவெட்டில் (மாதிரியை ஊற்றும் ஒளிபுகும் சிறு கலன்) 1.14 காட்ட வேண்டும். ஒரு மில்லிலிட்டர் நிரப்ப 5 நானோமோல் ஒலிகோ போதும். இந்தப் பதிவில் உள்ள அனைத்துக்கும் ஒரு சிறிய அளவுத் தொகுப்பே தாராளமாகப் போதுமானது. பணம் உண்மையில் போவது குவார்ட்ஸ் குவெட்டுக்கு.

அடுத்தது பஃபர், அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல். வழக்கமான டிரிஸ் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. அதன் பிஎச் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.028 இறங்கும். 25 டிகிரியில் 7.4 வைத்தால் 95-க்குப் போகும்போது 5.4-ஐ ஒட்டி நிற்கும். மடிப்பு சூட்டில் விரிவதை, அதாவது உருகலை, அளக்கும்போது பிஎச்சும் சேர்ந்து ஓடினால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது. அதற்குப் பதில் எடுத்த கேகோடைலிக் அமிலத்தின் பிஎச் சூட்டில் அவ்வளவாக அசைவதில்லை. ஆனால் அதில் ஆர்செனிக் இருக்கிறது. கையுறை கட்டாயம், கழிவைத் தனிக் கலனில் சேர்க்க வேண்டும், தொட்டியில் ஊற்றவே கூடாது.

10 மில்லிமோலார் லித்தியம் கேகோடைலேட், பிஎச் 7.2, அதில் 100 மில்லிமோலார் லித்தியம் குளோரைடு. இதுதான் மடியாத மாதிரிக்கான பஃபர். மற்ற இரண்டில் லித்தியம் குளோரைடுக்குப் பதில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும். லித்தியம் குளோரைடை எடைபோடும்போது தராசின் கடைசி இலக்கங்களைக் கவனித்துப் பாருங்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு எண் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் எடுத்துக் கரைத்துவிட வேண்டும்.

மடிக்கும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே. 95 டிகிரியில் 5 நிமிடம், பிறகு வெப்பக் கட்டையை அணைத்துவிட்டு அதிலேயே அறை வெப்பநிலைக்கு மெதுவாக ஆறவிடுவது, பிறகு இரவு முழுக்க 4 டிகிரியில்.

வடிவத்தைப் பார்க்க சிடி கருவி. இடப்பக்கமும் வலப்பக்கமும் சுழலும் ஒளியை மாதிரி எந்த அளவு வேறுபட்டு உறிஞ்சுகிறது என்பதை அது அலைநீளவாரியாகக் காட்டும். 220 முதல் 320 நானோமீட்டர் வரை, 1 சென்டிமீட்டர் குவெட், 5 மைக்ரோமோலார், 20 டிகிரி, மூன்று ஓட்டங்களின் சராசரி, அதே பஃபரின் வெற்றுக் கோட்டைக் கழித்தது. விளக்கைப் போடுவதற்கு முன்பே நைட்ரஜனை ஓடவிட வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் அந்த விளக்கொளியில் ஓசோன் உண்டாகி உள்ளேயுள்ள ஆடிகளைக் கெடுத்துவிடும்.

சோடிய மாதிரி முதல் ஓட்டத்திலேயே வந்தது. 295-ல் உயர்ந்த முகடு, 265-ல் பள்ளம், 245-ஐ ஒட்டி ஒரு சிறு முகடு. இது எதிரெதிர்த் திசையில் ஓடும் இழைகளின் கையெழுத்து. 1993-ல் சொன்ன கூடை வடிவத்துக்கு இதுதான் பொருந்தும். பொட்டாசிய மாதிரியில் முகடு 290-க்கு நகர்ந்து, 270 பக்கம் தோள் மாதிரி ஒரு புடைப்பு. மூன்று இழைகள் ஒரு பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமும் ஓடும் கலப்பு வடிவம். அவ்வளவு பெரிய மாற்றம் ஒரு உப்பை மாற்றியதால் மட்டும் வந்தது என்பதைத் திரையில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்போது பார்ப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பிறகு லித்தியம். தட்டையாக, 255 பக்கம் மெலிந்த ஒரு மேடோடு வர வேண்டிய கோட்டில் 290-க்கருகே தெளிவான ஒரு முகடு. பொட்டாசிய மாதிரியின் உயரம் இல்லை. ஆனால் மறுக்க முடியாத முகடு. மடியக் கூடாத மாதிரி ஓரளவு மடிந்திருக்கிறது.

முதல் சந்தேகம் ஒலிகோ மேல். தொகுப்புக்குப் பின் ஏதோ உப்பு ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். இருப்புக் கரைசலைச் சிறு வடிப்புத் தூணில் மீண்டும் உப்பு நீக்கி எடுத்தேன். முகடு அப்படியே இருந்தது. அடுத்து நீர். வேறு கருவியிலிருந்து எடுத்த நீரிலும் அதேதான். லித்தியம் குளோரைடு டப்பாவை மாற்றியும் பார்த்தேன். மாற்றமில்லை. ஒவ்வொரு முறையும் 22ஏஜியைச் செலவழித்துக்கொண்டிருப்பதைவிட, பொட்டாசியத்தைக் கண்டுபிடிக்க அதைவிடக் கூர்மையான ஒரு வரிசையைப் பயன்படுத்தலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அந்த வரிசை திராம்பின் அப்டாமர், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் திராம்பின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் டிஎன்ஏ இழை, 15 எழுத்து: ஜிஜி-டிடி-ஜிஜி-டிஜிடி-ஜிஜி-டிடி-ஜிஜி. 1992-ல் திராம்பினைப் பிடிப்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இரண்டே டெட்ராட்கள், நடுவில் ஒரே ஒரு அயனிக்கு இடம். அந்த இடத்துக்குப் பொட்டாசியம்தான் சரியான அளவு. சோடியத்தில் அறை வெப்பநிலையிலேயே பாதிக்கு மேல் விரிந்துவிடும் வரிசை இது; பொட்டாசியம் வந்தால் 50 டிகிரி வரை தாங்கும். ஆக, 20 டிகிரியில் 295-ல் இது உயர்ந்த முகடு காட்டினால் பொட்டாசியம் இருக்கிறது என்று பொருள்.

பஃபர் தயாரிப்பின் ஒவ்வொரு படியிலும் ஒரு மில்லிலிட்டர் எடுத்துவைத்து அதில் அப்டாமரைப் போட்டுப் பார்த்தேன். அமிலமும் லித்தியம் ஹைட்ராக்சைடும் கலந்ததும் எடுத்தது: மெலிந்த கோடு. லித்தியம் குளோரைடு சேர்த்த பின்: அதேதான். பிஎச் சரிபார்த்த பின் எடுத்தது: 295-ல் முகடு எழுந்து நின்றது.

பிஎச் மின்வாய்தான் காரணம். அதன் உள்ளே நிரப்பியிருப்பது 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு. நுனியிலுள்ள நுண்துளை வழியே அது வெளியே கசிந்துகொண்டே இருக்கும். கசிந்தால்தான் அளவீடே நடக்கும். 250 மில்லிலிட்டர் பஃபரில் 50 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளி, கசிந்தாலே 0.6 மில்லிமோலார் பொட்டாசியம் ஆகிவிடும். 100 மில்லிமோலார் லித்தியத்தின் நடுவிலும் குவாட்ருபிளெக்ஸ் அந்தக் கொஞ்சத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. போதாததற்கு, மின்வாயைச் சரிசெய்யும் பிஎச் 4 கரைசல் பொட்டாசியம் தாலேட். மின்வாயை வைத்திருக்கும் குப்பியிலும் பொட்டாசியம் குளோரைடுதான். சரியாகக் கழுவாமல் முக்கினால் அதுவும் சேர்ந்து வரும். வேறெந்த வேலையிலும் இந்த அளவு பொட்டாசியத்தை யாரும் பொருட்படுத்தத் தேவையில்லை. இங்கே அதுதான் எல்லாம்.

அதன்பிறகு பஃபரை எடை கணக்கில் தயாரிக்கிறேன். கேகோடைலிக் அமிலத்தின் பிகேஏ, அதாவது அதில் பாதி நடுநிலையாக்கப்பட்டிருக்கும் பிஎச், 6.27. 10 மில்லிமோலார் அமிலத்துக்கு 9 மில்லிமோலார் லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பிஎச் 7.2 வந்துவிடும். 250 மில்லிலிட்டருக்கு அமிலம் 0.345 கிராம், நீரேற்ற லித்தியம் ஹைட்ராக்சைடு 0.094 கிராம். சரிபார்க்க 5 மில்லிலிட்டரைத் தனிக் குழாயில் ஊற்றி அதில் மின்வாயை முக்கி, பார்த்ததும் அதைக் கழிவில் சேர்த்துவிடுவது. பாட்டிலுக்குள் மின்வாய் போகவே கூடாது. கண்ணாடிக் கலன்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துக் கழுவும் பழக்கமுள்ள ஆய்வகத்தில் புதிய பிளாஸ்டிக் குழாய்களில் வேலை செய்வது நல்லது. இப்படித் தயாரித்த பஃபரில் 22ஏஜியின் 290 முகடு மறைந்தது. ஒருவழியாக மடியாத மாதிரி.

மூன்றாவது வடிவத்துக்கு பெக் 200 (பாலிஎத்திலீன் கிளைகால்). படிகத்தில் கிடைத்த, எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடி, இடையிலுள்ள டிடிஏ வளையங்கள் பக்கவாட்டில் விசிறி இறக்கைபோல் நீளும் வடிவம், நீர்த்த கரைசலில் வராது. பொட்டாசியத்தோடு 40 சதவீதம் பெக் 200 சேர்த்தால் வரும் என்பது 2007 வாக்கில் தெரியவந்த சங்கதி. பெக் பிசுபிசுப்பானது. பைப்பெட்டில் உறிஞ்சினால் முனையின் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைந்துதான் இறங்கும். குழாயைத் தராசில் வைத்து 10 மில்லிலிட்டருக்கு 4 கிராம் என்று எடைபோட்டு ஊற்றினேன். முன்பே மடித்துவைத்த பொட்டாசிய மாதிரியில் பெக்கை அறை வெப்பநிலையில் கலந்தபோது கோடு உடனே மாறவில்லை. 290 முகடு தயங்கித் தயங்கித்தான் சரிந்தது. பெக்கோடு சேர்த்தே 95-க்குச் சூடேற்றி ஆறவிட்டதும் 264-ல் ஒற்றை முகடு, 240-ல் பள்ளம். ஒரே திசை மடிப்பு. வெற்றுக் கோட்டையும் பெக் கலந்த பஃபரில்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் 230-க்குக் கீழே கோடு நம்பத்தகாததாகிவிடும்.

மூன்றையும் எடுத்தபின் எது எவ்வளவு உறுதி என்று பார்க்க உருகல் அளவீடு. சாதாரண இரட்டை இழைக்கு 260-ல் அளப்பார்கள். குவாட்ருபிளெக்ஸுக்கு அங்கே மாற்றம் குறைவு. 295-ல் பார்க்க வேண்டும், அங்கே விரிய விரிய உறிஞ்சல் குறையும். மெர்னி, ஃபான், லாக்ரோவா 1998-ல் காட்டிய வழி. கோடு தலைகீழாக இறங்குவதே, உருகுவது இரட்டை இழை இல்லை, குவாட்ருபிளெக்ஸ் என்பதற்கு ஒரு சாட்சியாகிவிடுகிறது.

20-லிருந்து 95 வரை, நிமிடத்துக்கு 0.5 டிகிரி, பிறகு அதே வேகத்தில் இறக்கம். சோடிய மாதிரியின் முதல் ஏற்றத்தில் 60-ஐத் தாண்டியதும் படிக்கட்டுபோல் ஒரு தாவல். இரண்டாவது வடிவம் ஏதோ உருகுகிறது என்று கொஞ்ச நேரம் அதன் பின்னால் போனேன். குவெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், ஒளி போகும் இடத்திலேயே கண்ணாடியில் கடுகளவு காற்றுக்குமிழ் ஒன்று ஒட்டியிருந்தது. குளிர்ந்த பஃபரில் கரைந்திருந்த காற்று சூட்டில் வெளிவருகிறது. அன்றிலிருந்து பஃபரை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை இழுத்துவிட்டே நிரப்புகிறேன். மேலே ஒரு துளி மினரல் ஆயில், டெஃப்லான் மூடி. ஆயில் இல்லாவிட்டால் 90-க்கு மேல் நீர் ஆவியாகிச் செறிவு கூடிவிடும்.

சோடியத்தில் பாதி உருகும் வெப்பநிலை 50-களின் கடைசியிலும் பொட்டாசியத்தில் 60-களின் கடைசியிலும் வந்தன. பொட்டாசியத்தில் ஏற்றமும் இறக்கமும் சற்று விலகி நின்றன, வேகத்தை 0.2 டிகிரிக்குக் குறைத்ததும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. அப்படிப் படிந்தால்தான் அந்த எண்ணை எழுதிவைக்க வேண்டும். செறிவை இரண்டிலிருந்து பத்து மைக்ரோமோலார் வரை மாற்றியும் எண் நகரவில்லை. ஒரே இழை தானே மடிகிறது, பல இழைகள் சேரவில்லை என்பதற்கு அது ஆதாரம். ஒன்று சொல்லிவிட வேண்டும்: பொட்டாசியத்தில் 22ஏஜி ஒரே வடிவத்தில் நிற்பதில்லை, நெருங்கிய சில வடிவங்களின் கலவை அது. எனவே அந்த வளைவிலிருந்து ஆற்றல் கணக்கு போடுவதை நான் தவிர்த்தேன். பெக் மாதிரியின் உருகல் 80-ஐத் தாண்டிவிட்டதால், முழுதாக விரிந்த நிலையைக் காட்டும் மேல்தளக் கோடு போதிய நீளம் கிடைக்கவில்லை.

இதே சிக்கல் மிக் என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து எடுத்த 22 எழுத்து வரிசையிலும் வந்தது. 100 மில்லிமோலார் பொட்டாசியத்தில் அது 95 டிகிரியிலும் முழுதாக விரியவில்லை. 1 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு, 99 மில்லிமோலார் லித்தியம் குளோரைடு என்று மாற்றினேன். அயனிச் செறிவு அப்படியே இருக்க, உருகல் மட்டும் அளக்கக்கூடிய இடத்துக்கு இறங்கியது. பெக் மாதிரிக்கும் இதையே முதலில் செய்திருக்கலாம்.

சிடி கருவி கைக்கு எட்டாதவர்களுக்கு ஹெமின் (இரும்பு கொண்ட ஒரு மூலக்கூறு) சோதனை. 1998-ல் டிராவஸ்சியோ, லீ, சென் காட்டியது: குவாட்ருபிளெக்ஸின் முகப்பில் ஹெமின் படிந்தால் அது பெராக்சிடேஸ் நொதிபோல் வேலை செய்யும். மிக் வரிசை 0.5 மைக்ரோமோலார், ஹெமின் 0.5 மைக்ரோமோலார், 0.05 சதவீதம் டிரைட்டான் என்ற சோப்பு வகை, பச்சையாக மாறும் ஏபிடிஎஸ் 2 மில்லிமோலார், கடைசியாக 2 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு. பொட்டாசியக் குழாயில் அடியிலிருந்து பச்சை எழுந்து சில நிமிடங்களில் குழாய் முழுக்கப் பரவுகிறது. டிஎன்ஏ இல்லாத குழாயும் வெளிர் பச்சை காட்டும், ஏனெனில் ஹெமின் தனியாகவும் கொஞ்சம் வேலை செய்யும். அந்தக் குழாயைப் பக்கத்தில் வைக்காமல் எதையும் முடிவுசெய்யக் கூடாது. ஹெமினை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

அடுத்த சுற்றுக்கு மாற்றப்போவது சில. ஒரு மில்லிலிட்டர் குவெட்டுக்குப் பதில் கால் பங்கு கொள்ளளவுள்ள குறுகியது. ஒலிகோ செலவு நான்கில் ஒன்றாகும், ஆனால் ஒளிப்பாதை 1 சென்டிமீட்டரே இருக்க வேண்டும். லித்தியத்தை மட்டும் நம்பாமல், குவானினின் ஏழாவது இடத்து நைட்ரஜனுக்குப் பதில் கார்பன் வைத்த 7-டியாசா வரிசை ஒன்றையும் வாங்கப்போகிறேன். அந்த நைட்ரஜன் இல்லாமல் வட்டமே கூடாது, எனவே பொட்டாசியம் எவ்வளவு கசிந்தாலும் அது மடிய வழியில்லை. பொட்டாசியத்தைப் பூஜ்யத்திலிருந்து 5 மில்லிமோலார் வரை படிப்படியாக ஏற்றி, அதே அளவு லித்தியத்தைக் குறைத்து, 22ஏஜி எந்தச் செறிவில் பாதி மடிகிறது என்று எடுக்க வேண்டும். அதற்கு முன் அலமாரியிலுள்ள ஒவ்வொரு லித்தியம் பாட்டிலையும் அப்டாமரில் போட்டுப் பார்த்து, தேறியவற்றின் மேல் தேதி எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.